ஒரே திரையில் அடங்கிய உரிமம்

தம்பி வெளியிட்ட மென்பொருளை முதல் நிறுவனம் எடுத்துக்கொண்ட செவ்வாய்க்கிழமை காலை, அவனுடைய இடது கால் சுண்டுவிரல் காணாமல் போனது. வலியில்லை, ரத்தமில்லை, விரல் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. டாக்டர் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். செருப்பு கொஞ்சம் தளர்ந்துவிட்டதாக மட்டும் தம்பி சொன்னான்.

அது வரிசையை நடத்தும் மென்பொருள். ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ டோக்கன் கொடுத்து, எண்ணைக் கூப்பிட்டு, யாரும் முந்திக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளும். அக்காவும் தம்பியும் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து நாலு வருடம் எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. எந்த உரிமத்தின் கீழ் கொடுப்பது என்பதில்தான் முட்டிக்கொண்டது. அக்கா தேர்ந்தெடுத்தது பதினைந்து பக்கம்: எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், ஆனால் மாற்றி விற்பவர் தான் எழுதிய நிரல் வரிகளையும் அதேபோல் எல்லோரும் பார்க்கத் திறந்து கொடுத்தாக வேண்டும். தம்பி, இணையத்தில் கிடைக்கும் உரிமங்களின் பட்டியலில் இருந்ததிலேயே குட்டியானதை எடுத்தான். மவுஸை உருட்டாமலே ஒரே திரையில் அடங்கியது என்பதுதான் காரணம். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள், எந்த நஷ்டத்துக்கும் எழுதியவர் பொறுப்பல்ல. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஆயிரம் வரி நிரலை ஒரு புள்ளி விடாமல் படிப்பார்கள், உரிமத்தை மட்டும் படிக்க மாட்டார்கள். ஆளுக்கொரு பிரதியாகப் பிரித்துக்கொண்டு வெளியிட்டார்கள். "விட்டா அத்தனை பேரும் வாரிக்கிட்டுப் போவாங்கடா," என்றாள் அக்கா. "போகட்டுமே, அதுக்குத்தானே எழுதினோம்," என்றான்.

வாரிக்கொண்டுதான் போனார்கள். வங்கிகளுக்கு விற்பவர்கள் எடுத்தபோது இடது பாதம் போனது, விமான நிலையங்களுக்கு விற்பவர்கள் எடுத்தபோது முழங்கால் வரை. யாரும் திருடவில்லை, உரிமம் சொன்னபடி அவன் பெயரைக் கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் ஒழுங்காகப் போட்டு, மிச்சத்தை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி விற்றார்கள். அக்காவின் பிரதியை ஒரே ஒரு நிறுவனம் விவரம் தெரியாமல் தன் நிரலோடு கலந்து விற்றது. அன்று முதல் அந்த அலுவலகத்தில் எந்தக் கதவையும் சாத்த முடியவில்லை. தச்சர் வந்து தாழ்ப்பாளை மாற்றினார்; அவர் படி இறங்குவதற்குள் கதவு திறந்துகொண்டது. முதலாளி அறையில் குசுகுசுத்தது வாசல் காவலாளிக்குக் கேட்டது. மூன்றே வாரத்தில் அதைப் பிடுங்கி எறிந்து, இந்த உரிமத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டார்கள். மற்ற நிறுவனங்களும் அந்தச் சுற்றறிக்கையை அப்படியே நகலெடுத்துக்கொண்டன. கடைசியில் சில நூலகங்களும், மறைக்க ஒன்றும் இல்லாத இரண்டு பள்ளிகளும்தான் அக்காவின் பிரதியை வைத்திருந்தன. முகம் தெரியாத பதினொரு பேர் பிழை திருத்தி அனுப்பினார்கள். அக்கா ஒரு நகம்கூடக் குறையாமல் முழுசாக இருந்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

தம்பி இடுப்பு வரை போனதும் அவனைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் போனாள். வக்கீல் உரிமத்தை இரண்டு முறை படித்தார். "இனிமே வர்ற பதிப்புக்கு வேணா மாத்திக்கலாம். குடுத்தது குடுத்ததுதான்," என்றார். "நஷ்டத்துக்கு யாரும் பொறுப்பில்லைன்னு வேற நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க." அடுத்த பதிப்பை அக்காவின் உரிமத்துக்கு மாற்றினான். நிறுவனங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் பழைய பதிப்பிலேயே உட்கார்ந்துகொண்டன. பழையதில் கோளாறு வந்தால் மட்டும் அவனுக்கு மின்னஞ்சல் வந்தது: மிக அவசரம், எட்டுக்குப் பிறகு பத்து வருகிறது, எங்கள் வாடிக்கையாளர்கள் கத்துகிறார்கள். ஒன்பதாம் எண் நோயாளி உட்கார்ந்தே இருப்பாரே என்று அவனும் மிச்சமிருந்த கையால் திருத்தி அனுப்பினான். ஒவ்வொரு திருத்தம் போய்ச் சேரும்போதும் இன்னும் கொஞ்சம் குறைந்தான். அக்கா திட்டினாள், அழுதாள், கணினியைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள், இரண்டு நாளில் தானே திருப்பிக் கொடுத்தாள். "நீ சொன்னது சரிதான்க்கா. இப்ப என்ன பண்றது?" என்று கேட்டான். மழைக்காலம் முடிவதற்குள் நாற்காலியில் சட்டை மட்டும் இருந்தது.

மூன்று மாதம் கழித்து மிகப் பெரிய நிறுவனம் ஒன்று தம்பிக்குக் கடிதம் அனுப்பியது. அந்த மென்பொருளில் ஐந்து வருட அனுபவம் உள்ள ஆள் தேவை, நேரில் வர வேண்டும். அக்கா போன் செய்தாள்.

"அவன் அங்கதாங்க இருக்கான்," என்றாள்.

"எந்த செக்‌ஷன்ல மேடம்?" என்று எதிர்முனையில் ஒரு பெண் கேட்டாள்.

"எல்லா செக்‌ஷன்லயும்."

அந்தப் பெண் லைனிலேயே இருக்கச் சொன்னாள். நீங்கள் வரிசையில் ஏழாவதாக இருக்கிறீர்கள் என்றது இயந்திரக் குரல். பிறகு ஆறு. பிறகு ஐந்து. யாரையும் முந்தவிடாமல் அத்தனை பொறுமையாக எண்ணுவது யார் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒன்று வருவதற்குள் போனை வைத்துவிட்டு மறுபடி அழைத்தாள். இப்போதும் தினமும் காலையில் அழைக்கிறாள். அங்கே இருப்பவர்களுக்கும் பழகிவிட்டது. அவள் குரல் கேட்டதும், என்ன ஏது என்று விசாரிக்காமல், வரிசையின் கடைசியில் நிறுத்திவிடுகிறார்கள்.