புது சைலன்சர்

குன்னம் பக்கத்தில் எனக்கு ஹாரன் தேவைப்பட்டதே இல்லை. என் பழைய பிக்கப் வேனின் ஓட்டை சைலன்சர் போடும் சத்தம் கேட்டதுமே வெங்காய மூட்டைகள் ரோட்டுக்கு வந்துவிடும். பேட்டரி மோசம் என்பதால் மூட்டை ஏற்றும்போதும் இன்ஜினை அணைக்க மாட்டேன். பேச்செல்லாம் சைகைதான்.

நேற்று அரியலூர் மெக்கானிக் ஆரோக்கியசெல்வம் புது சைலன்சர் மாட்டிக் கொடுத்தார். இன்று காலை ஊருக்குள் போய் நிறுத்தினால், ரோட்டில் ஒரு மூட்டைகூட இல்லை. வேறு வண்டி பிடித்துவிட்டார்கள், நன்றிகெட்டவர்கள்! எரிச்சலில் ஹாரனை அமுக்கினேன். தொடாமலே கிடந்ததில் துருப்பிடித்துப்போய், சத்தமே வரவில்லை. இறங்கிப்போய் முதல் வீட்டு வாசலில் நின்று கத்தினேன்.

"இருசம்மாக்கா! மூட்டை இருக்கா, இல்லியா?"

கொண்டையை முடிந்தபடி இருசம்மாள் ஓடிவந்தார்.

"வண்டி வரலன்னுல்ல உக்காந்திருந்தோம். சத்தமே கேக்கலியே!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தெருவே மூட்டைகளோடு வந்தது. இன்ஜின் அதுபாட்டுக்கு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி மூட்டையை ஏற்றிவிட்டு இருசம்மாள் சிரித்தார்.

"ஆறு வருசமா வர்றே ராசாங்கம், உன் குரல இன்னிக்குத்தான் கேக்குறேன். நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் வந்து கூப்புடு."