நடுவில் ஒரு மேடு

அமிர்தவல்லி தன் முதல் பொய்யை எழுதியது 1962-ம் வருஷம் தை அமாவாசை இரவில். எட்டுக் கிரகங்களும் மகர ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப் போகிறது என்று ஊருக்கே கிலி பிடித்திருந்த நேரம் அது. புதுக்கோட்டையில் கோவிலுக்குக் கோவில் யாகமும் பஜனையும் நடந்துகொண்டிருந்தன. சித்தன்னவாசலுக்கு இரண்டு மைல் தள்ளி, பாறைக்காட்டு நடுவே, கறுப்புத் துணியால் மூடிய ஒரு கொட்டகைக்குள் அவள் மட்டும் சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எண்களை எழுதிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்று என்று எழுத வேண்டிய இடத்தில் நாற்பத்துநான்கு என்று எழுதினாள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடிக்கலாம் என்று உலகமே ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்த உலகமும் விடிவதற்குள் அழியப் போகிறதாம். மூன்றே மூன்று கூடுதலாகப் போட்டால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போனாள்.

உலகம் அழியவில்லை. மறுநாள் பால்காரர் வழக்கம்போலத் தண்ணீர்ப் பாலோடு வந்து நின்றார். அழிகிற உலகம் என்று நம்பிச் செய்த காரியத்தை வைத்துக்கொண்டு அழியாத உலகத்தில் காலம் தள்ள வேண்டியதாயிற்று அவளுக்கு.

அவள் புருஷன் ஆத்மநாதன் கல்லூரியில் பௌதிகம் நடத்திய வாத்தியார். நல்ல வேலை. அதை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வந்தவன். பம்பாயில் ஓர் ஆராய்ச்சிக் கழகம் அவனை நம்பி இரண்டு கண்ணாடிகளை இரவலாகக் கொடுத்திருந்தது. யுத்த காலத்தில் எதிரி விமானத்தைத் தேட வெளிச்சம் அடித்த சர்ச்லைட்டுகளின் கண்ணாடிகள். ஆள் உயரத்துக்கு ஒன்றாக, இரண்டு. வெளிச்சத்தை அனுப்பிக்கொண்டிருந்த கண்ணாடியைத் திருப்பி, வெளிச்சத்தை வாங்க வைத்ததுதான் அவன் செய்த வேலை. ஒவ்வொன்றிலும் ஒளி வந்து குவியும் இடத்தில் ஒரு குழலைப் பொருத்தியிருந்தான். மின்மினிப் பூச்சி பக்கத்தில் வந்தாலே பதறிப்போகிற குழல். இரண்டு குழலும் ஒரே கணத்தில் ஒரு மின்னலைப் பார்த்தால் கொட்டகைக்குள் இருக்கும் கருவியில் எண் ஒன்று கூடும்.

"ஒரு நச்சத்திரம் அனுப்புற காமாக் கதிர் தரைக்கு வராது, அமிர்தம்," என்று ஆரம்பத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். "பத்து மைலு ஒசரத்துலயே காத்துல மோதிச் செதறிப் போயிரும். செதறும்போது ஒரு நீல வெளிச்சம் வரும். கண்ணு இமைக்கிற நேரத்தக் கோடிப் பங்கு வச்சா அதுல ஒரு பங்கு நேரம். அதத்தான் புடிக்கணும்."

"புடிச்சா அந்த நச்சத்திரத்துலருந்து வந்ததுன்னு எப்படிங்க தெரியும்?"

அங்கேதான் இருந்தது வம்பு. அதே மாதிரி நீல வெளிச்சத்தைக் கிளப்புகிற வேறு துகள்கள் வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தன. சந்தைக் கூட்டத்தில் ஓர் ஆளைத் தேடுகிற கதை. அதற்கு ஆத்மநாதன் ஒரு வழி வைத்திருந்தான். ரிஷபத்தின் கொம்புப் பக்கம், சோழர் காலத்தில் வெடித்துச் சிதறிய நட்சத்திரம் ஒன்றின் மிச்சம் இருக்கிறது. அது வரப்போகிற இடத்தைப் பார்த்துக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு அசையாமல் காத்திருப்பான். நாற்பது நிமிஷத்தில் அது கண்ணாடியின் பார்வைக்குள் வந்து, கடந்து, போய்விடும். நடுவில் உள்ள பன்னிரண்டு நிமிஷம்தான் நேர் பார்வை. நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிய எண்களை வரைந்து பார்த்தால் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும்.

"நடுவுல ஒரு மேடு தெரியணும். அவ்வளவுதான்," என்பான்.

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா, தெரியலைன்னு எழுதணும்."

இரண்டு பனிக்காலம் தெரியவில்லை. குழல் சரியில்லை என்று பம்பாய்க்கு எழுதி எழுதி, அந்தப் பொங்கலுக்குத்தான் சீமையிலிருந்து புதுக் குழல்கள் வந்தன. கூடவே ஒரு கடிதமும் வந்தது. பங்குனி முடிவதற்குள் ஏதாவது தெரியாவிட்டால் கண்ணாடிகளை வேறு மலைக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். புதுக் குழலை வைத்து எட்டு இரவு எண்ணிப் பார்த்தார்கள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆத்மநாதன் சாப்பாட்டைக் குறைத்தான், பிறகு பேச்சைக் குறைத்தான். ஒருநாள் அந்தியில் பாறையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவன் கீழே பார்த்தபடி, "இங்கிட்டிருந்து என்ன விழுந்தாலும் வெளிய சத்தம் கேக்காது போலருக்கு," என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அன்றிலிருந்து அவன் புரண்டு படுத்தாலும் அவள் விழித்துக்கொண்டாள். நாலாம் நாள் அமாவாசை. அன்றைக்குத்தான் அந்த மூன்று.

முதலில் மூன்று, நான்கு என்றுதான் சேர்த்தாள், அதுவும் நடு நிமிஷங்களில் மட்டும். ஐந்தாறு இரவில் ஆத்மநாதனின் வரைபடத் தாளில் ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. சவரம் செய்துகொண்டான். இட்லி இன்னொன்று கேட்டான். அவள் அடுக்களைக்குள் போய், சத்தம் வராமல் அழுதுவிட்டு வந்து இட்லி வைத்தாள். கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? மாசி பிறந்தபோது எட்டும் ஒன்பதுமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மேடும் வளர்ந்தது, அவனும் தேறினான். பம்பாய்க்குக் கடிதம் போயிற்று. அங்கிருந்து, 'கண்ணாடிகள் அங்கேயே இருக்கட்டும், முழு விவரத்தையும் அனுப்புங்கள்' என்று பதில் வந்தது.

அவன் கட்டுரையைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து காட்டினான். தலைப்புக்குக் கீழே இரண்டு பேர்: ஆத்மநாதன், அமிர்தவல்லி.

"என் பேரு எதுக்குங்க?" என்றாள்.

"எண்ணுனது யாரு? நீ எழுதுன நம்பரு மேலதான் எல்லாம் நிக்குது."

அவன் அதைத் தபாலில் போட்டிருந்தால் கதையே வேறு. போடவில்லை. மேசை மேலேயே இருந்தது அந்தக் காகிதம். ஏன் போடவில்லை என்பது அவளுக்கு மாசி அமாவாசைக்கு முந்தின இரவு தெரிந்தது.

அந்தி கறுத்ததும் எண்ண ஆரம்பித்தார்கள். மாசியில் நட்சத்திரம் இருட்டும்போதே உச்சியைத் தாண்டிவிடும் என்பதால் கண்ணாடியை மேற்கே சாய்த்து வைப்பது வழக்கம். வெளியில் என்ன நடந்தாலும் கொட்டகைக்குள் இருப்பவளுக்குத் தெரியாது. நாற்பது நிமிஷம் முடிந்து, நோட்டை எடுத்துக்கொண்டு துணியை விலக்கி வெளியே வந்தாள். காவல்காரர் உடையப்பன் முதல் கண்ணாடிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். பகலில் கண்ணாடியை மூடி வைப்பதும், இரவில் கைப்பிடியைச் சுற்றிச் சாய்ப்பதும் அவர் வேலை.

"ஏந் தாயி, இன்னிக்கு சாரு கண்ணாடியத் தெக்கால சாய்க்கச் சொல்லிட்டாங்களே, பாத்தீங்களா?" என்றார். "அங்கிட்டு நம்ம நச்சத்திரம் இல்லீங்களேன்னேன். வெறும் வானத்தையும் ஒருநா எண்ணிப் பாப்பம் உடையப்பா, எண்ணி முடிக்கிறவரைக்கும் அமிர்தத்துக்கிட்டச் சொல்லாதன்னாரு. முடிச்சாச்சுல்ல, இனிச் சொன்னா என்ன?"

அவள் கையில் இருக்கும் நோட்டில், ஒன்றுமில்லாத வானத்தின் நடுவில், எட்டும் ஒன்பதும் சேர்த்துக் கட்டிய மேடு ஒன்று கொழுகொழுவென்று இருந்தது.

ஆத்மநாதன் தள்ளியிருந்த இரண்டாவது கண்ணாடியில் குழலைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் வரப் பத்து நிமிஷமாவது ஆகும். அவள் மறுபடி கொட்டகைக்குள் போனாள். எழுதியது பென்சிலில். ரப்பர் மேசை மேலேயே இருந்தது. பன்னிரண்டு எண்களை அழித்துக் குறைத்துவிட்டால் போதும். நட்சத்திரம் இருந்த இரவுகளில் மேடு, இல்லாத இரவில் சமதரை. இதைவிட நல்ல சாட்சி அவனுக்குக் கிடைக்காது. நாளைக் காலையே கட்டுரை தபாலுக்குப் போகும். எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

முதல் எண்ணை அழித்தாள். ஐம்பதை நாற்பத்திரண்டாக்கினாள். இரண்டாவதில் ரப்பரை வைத்தபோது கை ஓடவில்லை. இரண்டு வருஷம் தவமிருந்து கிடைத்த சந்தோஷம் அவனுக்கு. அதையே நம்பாமல், அது மெய்தானா என்று இருட்டில் தனியாக நின்று தட்டிப் பார்க்கிறான். இப்படி ஒருத்தனை இன்னும் எத்தனை வருஷம் ஏமாற்றுவது? ஒவ்வொரு இரவும் அவன் தட்டிப் பார்ப்பான், ஒவ்வொரு இரவும் அவள் ரப்பரை எடுப்பாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. நாற்பத்திரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் பழையபடி ஐம்பது என்று எழுதி, அவன் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

ஆத்மநாதன் வந்து நோட்டை வாங்கினான். நின்றபடியே கூட்டினான். மறுபடியும் கூட்டினான். பிறகு முக்காலியில் உட்கார்ந்து மூன்றாம் தடவை கூட்டினான்.

"இன்னிக்குக் கண்ணாடி வெறும் வானத்துல இருந்துச்சு," என்றான்.

"தெரியும். உடையப்பன் சொன்னாரு."

"அப்ப மெசினுலதான் கோளாறு. நடு நிமிசத்துல குழல் சூடேறிருக்கணும். இல்லாட்டி கரண்டு ஏறி எறங்கிருக்கணும்." அவன் கருவியின் மூடியைத் திறக்கப் போனான். தப்பித்துக்கொள்ள இன்னொரு வாசலை அவனே திறந்து வைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"மெசினுல ஒண்ணுமில்லைங்க. நாந்தான் கூட்டி எழுதுனேன்."

அவன் திரும்பவில்லை. மூடியின் திருகாணியிலேயே கை இருந்தது.

"எப்பருந்து?"

"தை அமாவாசையிலருந்து. நீங்க சாப்புடாமக் கெடந்தீங்க. பாறையில உக்காந்து அப்படிப் பேசுனீங்க. எனக்குப் பயமாப் போச்சு. ஒங்களவிட எனக்கு அந்த நச்சத்திரம் பெருசாத் தெரியலைங்க."

அவன் மூடியை விட்டுவிட்டு வந்து பென்சிலை எடுத்தான். குரலில் கோபமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டான்.

"எந்தெந்த நிமிசத்துல எவ்வளவு கூட்டுனேன்னு சொல்லு. கழிச்சிருவோம்."

"மொதல்ல மூணு நாலு... பெறகு எட்டு ஒம்பது."

"அப்படி இல்ல. ஒவ்வொண்ணா. தை அமாவாசை, எட்டு நாப்பத்தஞ்சு, எவ்வளவு?"

அந்த ஒன்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. சொன்னாள். அடுத்தது ஞாபகம் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. பதினெட்டு இரவு, இரவுக்குப் பன்னிரண்டு எண். கைக்கு வந்ததைப் போட்டாளே தவிர, எங்கேயும் குறித்து வைக்கவில்லை. பொய்க்கு யார் குறிப்பு வைக்கிறார்கள்?

ஆத்மநாதன் பென்சிலைக் கீழே வைத்தான். "மொத எட்டு ராத்திரிய மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அமிர்தம். இந்தப் பதினெட்டுலதான் தெரிஞ்சிருக்கணும். நீ கூட்டுனதுக்கு அடியில நெசமாவே சின்னதா ஒண்ணு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான். நோட்டை மூடிவிட்டு, "இருந்துச்சா இல்லையான்னு இனி யாருக்கும் தெரியாது," என்றான்.

ஒன்றுமில்லை என்றால்கூட அவன் தாங்கியிருப்பான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதத் துணிந்தவன்தானே. அந்தத் 'தெரியவில்லை'யைக்கூட எழுத முடியாமல் அவள் பறித்துக்கொண்டாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உடையப்பன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று ஒதுங்கிப் போனார்.

மறுநாள் பம்பாய்க்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான் ஆத்மநாதன்.

"நான் செஞ்சதுன்னே எழுதுங்க. நீங்க பழிய ஏத்துக்க வேணாம்," என்றாள் அமிர்தவல்லி. நெஞ்சின் ஒரு மூலையில், 'இல்லை, கருவி கெட்டுப்போச்சுன்னு எழுதிக்கிறேன்' என்று சொல்லமாட்டானா என்றும் இருந்தது. மனித மனம் அப்படித்தான். அவன் அவளைக் காப்பாற்றப் பொய் சொல்லுகிற ஆளாக இருந்தால் அவள் பொய்க்கே அவசியம் வந்திருக்காது. உள்ளதை உள்ளபடி எழுதினான். எண்களைப் பதிவு செய்த என் மனைவி அமிர்தவல்லி பதினெட்டு இரவுகளின் எண்களைத் தெரிந்தே கூட்டி எழுதியிருக்கிறார் என்று எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டான்.

"சரியா இருக்குங்க," என்றாள். அவன் பேனாவை நீட்டினான். அவளும் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் அவன் அவளை ஒரு வார்த்தை வைததில்லை. சாப்பிட்டான், தூங்கினான், கல்லூரியில் மறுபடி வேலை கேட்டு விண்ணப்பம் போட்டான். அவள் பயந்ததெல்லாம் நடக்கவில்லை. ஆனால் அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று அவள் சொன்னால் வந்து எட்டிப் பார்த்தான். மணி ஆறு என்று சொன்னால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். வேண்டுமென்று செய்கிறான் என்று முதலில் நினைத்தாள். இல்லை, தான் அப்படிச் செய்வதே அவனுக்குத் தெரியவில்லை. அது தெரிந்த நாளில்தான் அவளுக்கு உயிரே போனது போலிருந்தது.

பங்குனி பாதியில் கண்ணாடிகளை ஏற்றிப்போக லாரி வந்தது. மேடு ஏற முடியாமல் கல்லில் சக்கரம் உரசி, முக்கி முனகி வந்த சத்தம் பாறைக்காடு முழுக்கக் கேட்டது. வாசலில் நின்றிருந்த அமிர்தவல்லி உள்ளே திரும்பி, "லாரி வந்துருச்சுங்க," என்றாள்.

ஆத்மநாதன் எழுந்து, அவளைத் தாண்டி வாசலுக்கு வந்து, கையை நெற்றியில் வைத்து வெயிலுக்கு மறைத்துக்கொண்டு பார்த்தான்.

"ஆமா," என்றான். "வந்துருச்சு."