பதினைந்து பைட்

1

இந்தக் கதையைத் தம்பியிடமிருந்து எடுத்தேன். கேட்டுவிட்டு எடுக்கவில்லை. குடும்பக் கதை எழுதுகிறவள் அக்காவாக வாய்த்தால் இப்படித்தான் ஆகும் என்பது அவனுக்கும் தெரியும்.

முதல் வரி: [மழை பெய்த ஒரு மாலையில், அவளை நினைத்தபடி அவன்—]

மழை இல்லை. செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. தம்பி வெப் சர்வருக்கு ஸ்கிரிப்ட், அதாவது சின்னச் சின்ன நிரல்கள், எழுதுகிறவன். அவன் மனைவி வேலை மாற்றலாகி வேறு ஊரில் இருக்கிறாள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை. அதனால் அவளுக்கென்றே ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தான். மனதில் இருப்பதை எழுதி 'அனுப்பு' என்பதை அழுத்தினால், அவனுடைய சர்வரில் ஒரு கோப்பில் அது பதிவாகும்.

மூன்று வாரமாகக் கோப்பு காலி.

"அவளுக்குக் குறையே இல்லக்கா," என்றான் பெருமையாக.

2

(இந்த இடத்தில் நாயகன் அசடாகத் தெரிகிறான். திருத்தப் பார்த்தேன். முடியவில்லை.)

நான் அவளுக்கே போன் செய்தேன்.

"பதினோரு தடவை எழுதிட்டேன் அண்ணி. ஒவ்வொரு தடவையும் 'நன்றி, உங்கள் கருத்து பதிவாகிவிட்டது'ன்னு வருது. கட்டின பொண்டாட்டிக்கு நன்றியாம்! கடைசியா 'நாம சேந்து இருக்கணுமா வேண்டாமா'ன்னு கேட்டேன். அதுக்கும் நன்றி."

3

நான் இதைச் சொன்னதும் தம்பி தானே ஸ்கிரிப்டை ஓட்டினான். எழுதியது. பத்து முறை ஓட்டினான். பத்து முறையும் எழுதியது.

"நான் ஓட்டினா ஓடுதே!"

பிறகு சர்வரின் பிழைப் பதிவைத் திறந்தான். பதினோரு வரிகள், ஒரே வாசகம்: எழுத அனுமதி இல்லை.

கோப்பு அவன் பெயரில் இருந்தது. அவன் ஓட்டும்போது உரிமையாளரே எழுதுகிறார். அவள் அனுப்பும்போது எழுத வருவது சர்வர். சர்வருக்கு அந்தக் கோப்பைப் படிக்க மட்டும்தான் அனுமதி. எழுத முடிந்ததா என்று பார்க்காமலே நன்றி சொல்வது மட்டும் ஸ்கிரிப்டின் சொந்தக் குணம்.*

"அந்தப் பதினொண்ணும்?"

"போச்சுக்கா. எங்கயும் இல்ல."

* இதை உருவகமாக்கிவிடாதே என்று தம்பி கேட்டுக்கொண்டான். ஆக்கவில்லை.

4

சர்வருக்கும் எழுதும் உரிமை கொடுத்தான். சோதனை வரிகளை அழித்தான். நன்றியை எடுத்துவிட்டு, பக்கத்தின் தலையில் எழுதினான்: "நீ எழுதினது எதுவும் எனக்கு வந்து சேரல. தப்பு என்னோடது. நாளைக்குக் கிளம்பி வரட்டுமா? இல்ல நீ வர்றியா?"

நான் அவளிடம், "இன்னும் ஒரே தடவை எழுதும்மா," என்றேன்.

"பன்னெண்டாவதா?" என்று போனை வைத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் கோப்பின் அளவு பூஜ்யத்திலிருந்து பதினைந்து பைட் ஆனது. தம்பி அதைத் திறக்கவில்லை. கணக்குப் போட்டான். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட். அப்படியானால் ஐந்து குறிகள்.

"வ, ர, கொம்பு, ன, புள்ளி. 'வரேன்'க்கா!"

வ, ர, கால், த, கொம்பு. 'வராதே'. இதை நான் சொல்லவில்லை. அக்காவாகவும் இருக்க வேண்டியிருக்கிறதே.

திறக்கப் போனவன் கையை எடுத்துக்கொண்டான்.

"அக்கா, 'நன்றி'யும் பதினஞ்சுதான்."

விரல் விட்டு எண்ணினேன். ஐந்து.

[அவன் கோப்பைத் திறந்தான். அதில்—]

இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. கோப்பை நீங்கள் திறக்கலாம். படிக்கும் உரிமை, எழுதும் உரிமை இரண்டும் உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். சரிபார்த்துவிட்டேன்.