பாறைமேட்டுக்குப் போர்த்திய தார்ப்பாய்

என் மனைவி அமல்ராணிக்கு அறுபத்து மூன்று வயது. மலையேறும் சைக்கிள் ஓட்டுகிறாள். இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லும் இடம் வந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிடுவேன்.

சைக்கிள் எங்கள் மகன் சகாய பிரவீனுடையது. தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், இருபத்தொரு கியர். ஓமனில் வேலை கிடைத்துப் போனபோது வீட்டில் விட்டுப் போனான். ஒரு மாதம் அதன் மேல் அமல்ராணி துணி உலர்த்தினாள். ஒருநாள் உலர்ந்த துணியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு ஏறிப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முழங்கை வரை செம்மண். முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணப் போட்டோவில் தேடிப் பார்த்தேன், இல்லை.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே மூன்று கிலோமீட்டர். வீட்டிலிருந்து பனந்தோப்பு வழியாகப் போய்ப் பாறைமேட்டில் ஏற வேண்டும். மறுபக்கம் சரிவில் இறங்கினால் ஏரியின் கோடி வரும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற கல்சுவர் அது. சுவர் மேலேயே தாண்டி ஏரிக்கரையைப் பிடித்தால் வீடு. மொத்தம் ஏழு கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது பேர் இதை ஓட்டிப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் தலைவி மலர்விழி. திண்டிவனத்தில் பல் டாக்டர்.

மலர்விழி முதல்முறை வந்தபோது சைக்கிள் களிமண்ணில் பாதி சக்கரம் வரை இறங்கிவிட்டது. நான்தான் கயிறு கட்டி இழுத்தேன். முதலில் சைக்கிள் வந்தது. அதற்குப் பின்னால் என் மாமா எண்பத்து நாலில் தொலைத்த கலப்பை வந்தது. அதில் பூட்டியிருந்த மாடுகள் வரவில்லை. உள்ளேயே பழகிவிட்டன போலும். டாக்டர் அப்போது கண்ணில் விழுந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்ததால் கலப்பையைப் பார்க்கத் தவறிவிட்டார்.

ஆனாலும் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். முப்பது வருஷம் டிராக்டரில் உழுதவன் நான். எந்த மண் எப்போது பதமாகும் என்று தெரியும். ஒரு பிடி மண் எடுத்து இறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும். உருண்டை அப்படியே கிடந்தால் ஈரம் அதிகம். தூளானால் காய்ந்துவிட்டது. மூன்றாக உடைந்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விதைக்கலாம், சைக்கிளும் விடலாம். இதைத் தினமும் விடியலில் சோதித்துக் குழுவின் வாட்ஸப்பில் பேசி அனுப்ப வேண்டும்.

பேசி அனுப்பினேன். சித்திரையில், "முள்ளு ஜாஸ்தி. டயருக்குத் தையல் போட ஆள் கூட்டியாங்க" என்றேன். ஆடியில், "கரை மேல காத்து. காலைத் தூக்கிக்கினு குந்துனா விழுப்புரத்துல எறங்கிக்கலாம்" என்றேன். புரட்டாசியில் சாயங்கால மழை, காலையில் பதம். அப்போது மட்டும், "வாங்க" என்று ஒரே வார்த்தை.

போன கார்த்திகையில் பாறைமேட்டின் வளைவில் அமல்ராணி விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆறு வாரமும் நான் சமைத்தேன். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த அன்றே சொல்லிவிட்டாள்: "அடுத்த மழைக்கு அந்த மேட்டுல கால் ஊனாம ஏறணும்."

அவள் ஏன் மழையைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். வெயில் காலத்தில் அந்த மேட்டில் சரளை உதிர்ந்து கிடக்கும். மல்லாட்டை கொட்டிய களத்தில் நடப்பது போலச் சக்கரம் வழுக்கும். நல்ல மழை பெய்து, தண்ணீர் வடிந்த மறுநாள் மட்டும் சரளை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வருஷத்துக்கு ஏழெட்டு நாள்தான் அப்படி அமையும்.

அந்த ஏழெட்டு நாளைத்தான் நான் திருடினேன்.

ஐப்பசி பிறந்ததும் என் அறிக்கைகள் மோசமாயின. பதம் வந்த நாளிலெல்லாம் முழங்கால் சேறு என்றேன். கோடி உடைந்துவிட்டது என்று நான்கு முறை சொன்னேன். பனந்தோப்பில் ஒரு முதலையைக் கொண்டுவந்து விட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரும் வரவில்லை. அமல்ராணியும் வாசலில் நின்று மழையைப் பார்த்தாள்.

நான்காவது வாரம் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாய்யா, மொழங்கால் சேறுன்ன. இதுல ஒரு பொட்டு மண்ணு இல்ல."

"கையில புடிச்சிக்கினு நடந்தேன்."

"காலுல?"

"கழுவிக்கினேன்."

"முதலை?"

"ரெண்டு."

"நேத்து ஒண்ணுன்ன."

"நேத்திக்கு கண்ணாலம் ஆயிட்ச்சி."

அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கீழே போட்டாள்.

"இனிமே நீ பேசறத ஊட்ல கேக்க மாட்டேன். ஊட்ல கேட்டா கோவம் வருது. பாறை மேல ஏறி நின்னு கேட்டாதான் சிரிப்பு வரும். அங்க போயி கேக்கறேன்."

மறுநாள் பகல் முழுக்க மழை. பொழுது சாயும்போது நின்றுவிட்டது. விடியலில் நான் பல் விளக்கிவிட்டு வந்து பார்த்தேன். சைக்கிள் இல்லை.

ஏரிக்கரை மேலேயே போனேன். நடந்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஓடினேன். கோடிக்கு வந்ததும் நின்றேன். கல்சுவரில் பதினைந்து அடி காணோம். அந்த இடத்தில் டீ நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான்கு முறை நான் உடைத்த சுவர், ஐந்தாம் முறை தானே உடைந்திருந்தது.

எதிரே பாறைமேடு. அங்கிருந்து சரிவில் வேகமாக இறங்குகிறவர்களுக்குக் கோடி தெரியாது. கடைசி வளைவில் வேலிகாத்தான் முள்புதர் மறைக்கும். வளைவு திரும்பினால் சுவர்தான்.

போன் போட்டேன். ஏழு முறை போட்டேன். சைக்கிளில் ஏறிவிட்டால் எடுக்க மாட்டாள். கத்திப் பார்த்தேன். தண்ணீர் என்னைவிடச் சத்தமாகப் பேசியது. மிச்சம் இருந்தது குழு ஒன்றுதான். மேலே நின்று கேட்பேன் என்றாளே.

"கோடி ஒடஞ்சிட்ச்சி, வராதீங்க" என்று பேசிப் பதிவு செய்தேன். திரும்பக் கேட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதே குரல், அதே வார்த்தை, ஐப்பசியில் அடித்த பழைய சரக்கு. அழித்துவிட்டேன். என்னிடம் இருந்த வார்த்தைகளை எல்லாம் துழாவினேன். ஒன்று பாக்கி இல்லாமல் பொய்க்குச் செலவழித்திருந்தேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் நான் சொல்லாத ஒன்று மட்டும் அடியில் கிடந்தது.

"அமலு, எனக்கு பயமா கீது."

அனுப்பிவிட்டேன். நாற்பது பேருக்கும் போனது.

பாறை உச்சியில் என் பழைய நீலச் சட்டை தெரிந்தது. அவள் சைக்கிள் ஓட்டப் போட்டுக்கொள்வது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நடந்து.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவள் எனக்குப் போன் போட்டாள்.

"இன்னாய்யா ஆச்சி உனுக்கு? நெஞ்சு வலியா?"

நான் கோடியைக் காட்டினேன். அவள் பார்த்தாள். அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டோம்.

"கால் ஊனல" என்றாள்.

"இன்னா?"

"மேட்டுல. கீழேர்ந்து மேல வரிக்கும். ஒரு எடத்துலகூட ஊனல. நம்பறியா?"

"நம்பறேன்."

மேட்டில் ஏறாமல் அதன் அடியைச் சுற்றிக்கொண்டு பனந்தோப்பு வழியாக வீடு வந்தாள். நான் அன்றைய அறிக்கையை அனுப்பினேன்: "கோடி நெஜமா ஒடஞ்சிட்ச்சி. பாறைமேட்டுல அமல்ராணி கால் ஊனாம ஏறிட்டா." கோடியின் போட்டோ இருந்ததால் அதை நம்பினார்கள். மற்றதற்கு நாற்பது சிரிப்புப் பொம்மைகள் வந்தன. மலர்விழியும் எழுதியிருந்தார்: "அய்யா, அதுக்கு நான் முதலையையே நம்பிடறேன். இதுவரைக்கும் எங்கள்ல ஒருத்தர்கூட அப்படி ஏறினதில்ல."

அமல்ராணி அதைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உன் பொய்யில என் நெஜமும் பூட்ச்சி" என்றாள். அரிசி களையப் போய்விட்டாள்.

கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மல்லாட்டை மூட்டைக்குப் போர்த்துகிற தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைமேட்டுக்குப் போனேன். ஈர மண் பொய் சொல்லாது. அடியிலிருந்து உச்சி வரை ஒரே ஒரு டயர்க் கோடு. வளைவில் மூன்று இடத்தில் ஆடியிருந்தது. இரண்டு பக்கமும் செருப்புத் தடம் ஒன்றுகூட இல்லை. மேடு முழுவதையும் மூடத் தார்ப்பாய் போதாது. போன வருஷம் அவள் விழுந்த அந்த வளைவை மட்டும் மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஒரு மூலை எழும்பியதால் நான் ஐந்தாவது கல்லாக உட்கார்ந்தேன். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டேன்.

"டாக்டரம்மா, ஜல்தியா வாங்க. ஒரு பல்லு புடுங்கணும்."

"யாருக்கு?"

"எனக்கு. பொய்ப் பல்லு."

என்ன நினைத்தாரோ, மழை விட்டதும் காரில் வந்துவிட்டார். அமல்ராணியும் பின்னால் வந்தாள். தார்ப்பாயை எடுத்தேன். மலர்விழி குனிந்து பார்த்தார். இப்படி நடந்தார், அப்படி நடந்தார். வளைவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோட்டின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து அமல்ராணியின் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிக்கா திருப்புனீங்க இங்க?"

"அது தானாத் திரும்பிச்சி" என்றாள் அமல்ராணி. இதுதான் அவள் சொன்ன முதல் பொய்.

போட்டோ குழுவுக்குப் போனது. இந்த முறை சிரிப்புப் பொம்மை ஒன்றும் வரவில்லை.

மறுநாள் விடியலில் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டேன். உருண்டை அப்படியே கிடந்தது. செருப்பில் சேற்றோடு வீட்டுக்கு வந்து அறிக்கை பேசினேன்.

"பனந்தோப்பு ஈரம். கரை வழுக்குது. கோடி இல்ல. நாளான்னிக்கு மேடு பதமாவும், ஏறிட்டு அதே வழியா எறங்கிக்குங்க. முதலைக்கு குட்டி பொறந்துகீது. தாயும் சேயும் நலம்."

அடுப்படியில் அமல்ராணி அதைக் கேட்டாள். வீட்டிலேயே சிரித்தாள்.