டெல்பர்ட் வாயைத் திறக்கும் இடம்

1

இந்தக் கதை ஒரு கார் நம்பர் பிளேட்டிலிருந்து கிடைத்தது. மிசௌரியில் எந்த வண்டிக்குப் பின்னால் போனாலும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த பட்டப்பெயர்: ‘எனக்குக் காட்டு’ மாநிலம். அதாவது, சும்மா பேசாதே, கண்ணால் பார்த்தால் நம்புகிறேன் என்பவர்களின் ஊர். கோவேறு கழுதையை மாநில விலங்காகவும், ஐஸ்கிரீம் கோனை மாநில இனிப்பாகவும், கருப்பு வால்நட்டை மாநிலக் கொட்டையாகவும் சட்டம் போட்டு அறிவித்த எங்கள் சட்டமன்றம், இந்தப் பெயருக்கு மட்டும் சட்டமே போடவில்லை. யாராவது நிரூபித்துக் காட்டட்டும் என்று காத்திருக்கிறார்களோ என்னவோ.

கதை எழுதச் சொல்லிக்கொடுப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: சொல்லாதே, காட்டு. கதை எழுத இதைவிடத் தோதான ஊர் உண்டா என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘டெல்பர்ட் ரக்மன் தன் பழைய டிரக்கை முற்றத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு அடியில்…’

நிறுத்திவிட்டேன். கருப்பு வால்நட்டின் பச்சைத் தோலை உரிக்க அதன் மேல் வண்டியை ஏற்றுவது எங்கள் வழக்கம். உங்களுக்கு மனிதர் பைத்தியமோ என்று தோன்றிவிடும். இல்லை. கோவேறு கழுதை வளர்க்கிற தனி ஆள். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம், அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: ‘வெர்னா ஸ்டக்கியின் ஃப்ரீசரில்…’

இது தேவலை. வெர்னா என் பக்கத்து வீட்டுக்காரர், கணவரை இழந்தவர். அவருடைய ஃப்ரீசரில் உடைத்துச் சுத்தம் செய்த வால்நட் பை பையாக இருக்கிறது. சுத்தியலுக்கே லேசில் மசியாத கொட்டை அது. உரித்தால் கையில் ஏறும் கறை வாரக்கணக்கில் போகாது. டெல்பர்ட் வருடா வருடம் அதை உடைத்து, ஊசியால் நோண்டியெடுத்து, வெர்னா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கதவைக்கூடத் தட்டுவதில்லை.

ஒரு மனிதன் தன் மனசை இதைவிட எப்படிக் காட்டுவான்? [சுபம்] என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.

3

காப்பி வெர்னா வீட்டில்தான். கதையைச் சொன்னேன்.

“இந்த மாசக் கடைசியில நான் ஃப்ளோரிடா போறேன், கண்ணு,” என்றார். “மக வந்து கூடவே இருக்கச் சொல்றா. வீட்டை விக்கச் சொல்லியாச்சு.”

“அப்ப டெல்பர்ட்?”

“அந்தாளுக்கு என்ன? கழுதை இருக்கு.”

“வருஷா வருஷம் வால்நட் கொண்டாந்து வைக்கிறாரே, அதுக்கு என்ன அர்த்தம்?”

“மரத்துல நிறைய காய்ச்சிருக்குன்னு அர்த்தம்.” கோப்பையைக் கீழே வைத்தார். “என் புருஷனும் இப்படித்தான். கடைசி வரைக்கும் காட்டிக்கிட்டே இருந்தாரு. கூரை ஒழுகுனா அடைச்சாரு, பனி விழுந்தா வழி வெட்டுனாரு. மிச்சத்தை நானே புரிஞ்சுக்கணும். எனக்கு ஒருத்தர் சொல்லணும், கண்ணு. இந்தக் காதால கேக்கணும். அந்தாளு சொன்னா நான் போகமாட்டேன்.”

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: என் கதை உடைந்தது இங்கேதான். மாநிலமே காட்டு என்கிறது, என் கதாநாயகி சொல்லு என்கிறார். அந்த நிமிடம் எனக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போயிற்று.)

4

எழுதுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? டெல்பர்ட் வாயில் ஒரு வரியை வைத்தால் ஆயிற்று. வைத்துப் பார்த்தேன்: ‘வெர்னா, நீ இல்லாத இந்த ஊர் நிலவில்லாத…’

சகிக்கவில்லை. நேரே அவரிடமே போனேன். தன் கோவேறு கழுதையை பிரஷால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அதன் பெயர் கவர்னர்.

“வெர்னா போறாங்க, தெரியுமா?”

“வாசல்ல ‘விற்பனைக்கு’ன்னு பலகை பாத்தேன்.”

“ஏதாவது சொல்லக்கூடாதா?”

“அவளுக்குத் தெரியும்.”

“தெரியாதுங்கறாங்களே.”

பிரஷ் நின்றது. “இத்தனை வருஷமா உடைச்சுக் குடுத்திருக்கேனே.”

“வாயால கேக்கணுமாம்.”

அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை. “கவர்னர் எப்ப உதைக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா அவ மாட்டேன்னு…” என்று ஆரம்பித்து, விட்டுவிட்டார். நானும் அந்த வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.

5

முடிவு ஒன்று: வெர்னா போய்விடுகிறார். இலையுதிர் காலத்தில் பூட்டிய வீட்டு வாசலில் ஒரு பை வால்நட். (எழுதிவிட்டு நானே அழுதேன். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: டெல்பர்ட் சார்பில் நானே போய்ச் சொல்கிறேன். இதை நிஜமாகவே செய்து பார்த்தேன். வெர்னா முழுவதும் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உன் வார்த்தை,” என்றார்.

முடிவு மூன்று: இதே ஆகஸ்ட் மாதம், வெர்னா கிளம்புவதற்கு முன், செடேலியாவில் மாநிலக் கண்காட்சி. கோவேறு கழுதைகள் தடை தாண்டும் போட்டி. அடுத்தது கவர்னரின் முறை. வெர்னாவும் நானும் வேலியோரம் ஐஸ்கிரீம் கோனுடன் நிற்கிறோம். டெல்பர்ட் கயிற்றை யார் கையிலோ கொடுத்துவிட்டு, வேலியைத் தானே ஏறிக் குதித்து எங்கள் முன்னால் வந்து நிற்கிறார். தொப்பியைக் கழற்றுகிறார்.

ஒலிபெருக்கி கவர்னரைக் கூப்பிடுகிறது.

“என்னய்யா, அங்க உன்னைக் கூப்பிடறாங்க,” என்கிறார் வெர்னா.

“கூப்பிடட்டும்.”

டெல்பர்ட் வாயைத் திறக்கிறார்.

“                                        ”

இந்த இடத்தில் நான் எழுதினால் வெர்னா ஒப்புக்கொள்ளமாட்டார். நீங்கள் எழுதுங்கள். நிலவெல்லாம் வேண்டாம். சின்னதாக இருக்கட்டும், அவர் அவ்வளவு பேசமாட்டார். கொஞ்சம் சீக்கிரம். ஐஸ்கிரீம் உருகி வெர்னாவின் மணிக்கட்டு வரை வழிந்துவிட்டது, அவர் அதைத் துடைக்காமல் நிற்கிறார்.