இந்தச் சுவர் தாங்குமா

டொப், டொப், இதுவும் காலி, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், டொப்... ஒரு சுவர் எப்படி இவ்வளவு காலியாக இருக்க முடியும், இத்தனை நாளும் இதில்தான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டியிருக்கிறாள், ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை, இப்போது விரலால் தட்டத் தட்ட அட்டைப்பெட்டி மாதிரி பேசுகிறது... டக். நின்றாள். மறுபடி தட்டினாள். டக். இதோ, இரண்டு ஜிப்சம் பலகைகளுக்கு நடுவே மேலிருந்து கீழாக நிற்கிற தகரக் கால், டிவி மாட்ட அவள் தேடியது. சரிதானா? ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தாள், உள்ளே மறைந்திருந்த திருகாணியைப் பற்றிக்கொண்டு அது அப்படியே நின்றது. ஆனால் அவள் முதலில் நம்பியது விரலைத்தான், ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கிற விரல், தெரியாத நரம்பையும் தடவியே கண்டுபிடிக்கிற விரல்... பின்னால் நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். “அண்ணி, சுவத்தைக் கையை மடக்கிக்கச் சொல்லுங்க.” அப்போதுதான் கவனித்தாள், குறி போட்ட இடத்தை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

சிரிக்கட்டும், சிரிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது, போன வாரம் மேசைமேல் இருந்த டிவி சாய்ந்தபோது ஓடிவந்து தோளைக் கொடுத்தவள் அவள்தான். திரையில் ஓடிய நாய்க்குட்டியைப் பிடிக்கப் போய் வாண்டு விளிம்பைப் பற்றி இழுத்தது, நாலு வயசுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அந்தக் கறுப்புக் கண்ணாடி மெதுவாக, ரொம்ப மெதுவாகக் குனிந்தது, பெற்றவள் இவளோ சமையலறை வாசலில் கரண்டியோடு பார்த்துக்கொண்டு நின்றாள்... ஏன் கால் நகரவில்லை? அன்றிலிருந்து டிவி தரையில், தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்து நிற்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் கணவர் போனில், “ஆளைக் கூப்பிட்டு மாட்டிடேன்” என்றார். ஆள் வந்தார், தட்டினார், “அட்டைச் சுவருங்க, மாட்டித் தரேன், நாளைக்கு விழுந்தா என்னைச் சொல்லக்கூடாது” என்றார். அவரைச் சொல்லக்கூடாதாம்... அப்போ யாரைச் சொல்வது? அதற்குக் கீழேதானே அந்தக் குழந்தை உட்காரும், மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி, எத்தனை தரம் நகர்த்தினாலும் திரும்ப அங்கேயே... வேண்டாம், நானே பார்த்துக்கறேன் என்று அவரை அனுப்பிவிட்டாள். அனுப்பின கையோடு கடைக்குப் போய் டிரில்லும் போல்ட்டும் வாங்கிவந்தாள்.

டிரில்லை எடுத்தாள், மூச்சை இழுத்துவிட்டு அழுத்தினாள், பலகையில் முனை வெண்ணெயில் போவது போலப் போனது, பிறகு தகரத்தில் கிறீச்சென்று வழுக்கி ஒரு பக்கமாக இழுத்தது, பலகை பிய்ந்து வெள்ளைத் தூள் முகமெல்லாம். என்ன ஆச்சு? குறி சரிதானே... நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “ஏன் அண்ணி சாய்ச்சுப் பிடிச்சீங்க? ஊசியா போடறீங்க?” ஆமாம், ஊசியைத்தான் போட்டிருக்கிறாள். கை தன் பழக்கத்துக்குச் சாய்ந்திருக்கிறது. இனி டிவியைத் தாங்கும் பிராக்கெட்டை நாலு விரல்கடை ஏற்றித்தான் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் என்னவோ தோன்றி, பிய்ந்த ஓட்டைக்குள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள்... ஐயோ, இவ்வளவுதானா? நகக்கனம்கூட இல்லாத ஒரு தகரம், ஓரத்தில் இரண்டு தரம் மடித்து நிறுத்தியிருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் காற்று, இருட்டு, ஒரு நூலாம்படை அசைகிறது, எதிர்ப் பலகையின் முதுகு. கதவை அறைந்து சாத்தியிருக்கிறார்கள், இதன்மேல் வாண்டு பந்தடித்திருக்கிறது, இந்த மடிப்புதான், வெறும் இந்த மடிப்புதான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. “உள்ளே என்ன, புதையலா?” என்றாள் நாத்தனார். “நீயும் பாரேன்.” அவள் கண்ணை வைத்தாள், கேலி செய்யவில்லை, ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவுமில்லை.

இம்முறை நேராக. டிரில்லின் முதுகை நாத்தனார் பக்கவாட்டில் நின்று பார்த்து, “தூக்குங்க, இன்னும், ம், போதும்” என்று சொல்லச் சொல்ல, பலகையும் தகரமும் சுத்தமாகத் துளைந்தன. கடைக்காரர் கொடுத்த இறக்கை போல்ட்டை எடுத்து இரண்டு இறக்கைகளையும் மடக்கி உள்ளே தள்ளினாள், டிக், யாரும் பார்க்காத அந்த இருட்டில் அவை விரிந்தன, இழுத்தாள், தகரத்தின் முதுகைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. எல்லாத் துளையிலும் அதே டிக். ஒவ்வொன்றுக்கும் ரோமம் சிலிர்த்தது. பிராக்கெட்டை இறுக்கியாயிற்று. “டிவியைத் தூக்கலாமா?” “இரு.” அந்தப் பெட்டியை நம்பி மாட்டி, அதற்குக் கீழே அந்தச் சின்ன மண்டையை உட்கார வைப்பதற்கு முன்னால்... இரண்டு கையாலும் பிராக்கெட்டின் மேல்விளிம்பைப் பிடித்தாள், முழங்காலை மடக்கினாள். கால் தரையை விட்டது.

சுவர் ஒன்றும் சொல்லவில்லை. முனகல்கூட இல்லை. அவளுடைய எடை மொத்தமும், மதியம் சாப்பிட்டது உட்பட, அந்த மடித்த தகரத்தின்மேல்... தாங்குகிறது, தாங்குகிறதே, வாண்டு சோபாவில் எழுந்து நின்று, “அம்மா ஊஞ்சல்!” என்று கத்தியது. “பார்த்தாச்சுல்ல அண்ணி, இறங்குங்க, சுவத்துக்கு மூச்சு முட்டுது.” இறங்க வேண்டும்தான். கால் நீட்டினால் தரை. ஆனால் கடைசியாக எதன்மேல் தன் பாரத்தை இப்படி முழுசாக விட்டிருக்கிறாள்... கட்டிலிலா, அங்கேயும் ஒரு காது பிள்ளையின் இருமலுக்கு முழித்திருக்கும், போனில் கணவரிடமா, அங்கேயும் நான் பார்த்துக்கறேன் நான் பார்த்துக்கறேன் என்றுதானே... கை வலித்தது. “இன்னும் ஒரு நிமிஷம்” என்றாள், எதைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம் என்று இப்போது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.