காரணம்: குங்குமம்

இருபதாவது கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுக் கிருஷ்ணவேணி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே விசிறி சுழன்றது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் விறகடுப்பில் வைத்த பானையின் அடியைப் போலக் கறுத்துக் கிடந்தது. முந்தைய பத்தொன்பதும் அவ்வாறே. பூசை விடுமுறை முடிந்து வந்த பதினோராம் வகுப்பு மாணவியர் வாசலில் செருப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

"இன்னா டீச்சரு, சூடம் காட்டி நாலு நாளு தூங்கவுட்டோமே, இன்னும் ஏந்திரிக்கலியா?" என்றாள், துடைப்பத்துடன் நின்ற அஞ்சம்மாள்.

விழுப்புரத்துப் பள்ளி ஒன்றின் கணினி அறை அது. ஆண்டு 2008. கிருஷ்ணவேணி அங்கே ஒப்பந்தக் கணினிப் பயிற்றுநர். அஞ்சம்மாள் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். ஆயுத பூசைக்காகக் கணினிகளைத் துடைத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தவர்கள் அவ்விருவரே.

மூன்றாம் நாள் பிரேம்குமார் வந்தான். கணினிக்குள்ளிருந்து திரையை இயக்கும் கிராபிக்ஸ் கார்டைச் செய்யும் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் அவன். பூசையன்று பிற்பகலில் ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து, இருபது கணினிகளிலும் லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு அவசரமாகப் பேருந்துக்கு ஓடியவனும் அவனே. ஒரு கணினியைத் திறந்தான். காற்றுத் துளையில் ஒட்டியிருந்த சிவப்புப் பொடியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான்.

"பூஜ பண்ணீங்களா மேடம்?"

"பண்ணோம் சார். எல்லா ஸ்கூல்லயும் பண்றதுதான?"

"அதான்."

அவ்வளவுதான் விசாரணை. அச்சிட்ட படிவத்தில் 'காரணம்' என்னும் கட்டத்துக்குள், 'குங்குமம், கற்பூரப் புகை. பயிற்றுநரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையொப்பமிட்டான். பத்தாம் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்.

கிருஷ்ணவேணி அழவில்லை. படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இத எழுதுன அதே கையால அடிக்க வெக்கிறேன் பாருக்கா. அதுவரிக்கும் எனக்குத் தூக்கம் கெடையாது."

"அடிக்கிறதுதான் அடிக்கிற, அந்தக் கைமேலயே ஒண்ணு போடு டீச்சரு. ஜல்தியா வேல முடிஞ்சிடும்" என்றாள் அஞ்சம்மாள். பிறகு அவள் நிலக்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை ஆயும் கூலி வேலைக்குப் போனாள். கிருஷ்ணவேணி கல்வி அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில், காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை நின்றுகொண்டே செய்யும் வேலையில் சேர்ந்தாள்.

அந்தக் கடைக்கு ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து இராயப்பன் என்பவர் வந்து, ஒரு தாளை நீட்டி இரண்டு நகல் கேட்டார். கண்ணாடியின் மேல் அதைக் கவிழ்க்கப் போனவள் நிறுத்தினாள். அதே படிவம், அதே கையெழுத்து. 'காரணம்: எலி.'

"எலியா சார்?"

"எலிதாங்க மேடம். நான் அங்க கம்ப்யூட்டர் வாத்தியாரா இருந்தேன். ரொம்ப ஒழுக்கமான எலிங்க. இருபது மிஷின்லயும் ஒரே நாளு, ஒரே ஒயரு. ஒண்ணு கூடக் கொறையல, ஒண்ணு கூட மிஞ்சல."

"நீங்க பூஜ போட்டீங்களா?"

"எங்களுது சர்ச்சு ஸ்கூலு. குங்குமத்துக்கு நான் எங்க போறது?"

"புது சி.டி. போட்டாங்களா?"

"மொத நாளு போட்டாரு. மறுநாளு இருட்டு."

பின்னால் நின்றவர் "ஜல்தி ஆவட்டும்மா" என்று அதட்டினார். கிருஷ்ணவேணி மூன்றாவது நகல் ஒன்றை எடுத்துத் தனக்கென வைத்துக்கொண்டாள்.

இராயப்பன் விளக்கினார். கார்டும் லினக்ஸும் ஒன்றோடொன்று பேசுவதற்கு டிரைவர் என்னும் நிரல் இடையில் வேண்டும். லினக்ஸை எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். டிரைவரையோ கம்பெனி பூட்டி வைத்திருந்தது. லினக்ஸ் புதிதாயிற்று, டிரைவர் பழையதாகவே நின்றுவிட்டது. அதன் மூலநிரலை வெளியிட்டால் தாமே உட்கார்ந்து சரிசெய்துவிட முடியும் என்றார். வெளியிடாத வரையில் கம்பெனியைத் தவிர எவராலும் ஆகாது.

கிருஷ்ணவேணி கம்பெனிக்கு ஒன்பது கடிதங்கள் எழுதினாள். ஒரே ஒரு பதில் வந்தது: 'கார்டின் உள்விவரங்கள் வணிக இரகசியம். எங்கள் தரப்பில் குறையேதும் இல்லை.' அந்தக் கடைசி வாக்கியத்தின் அடியில் அவள் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் கோடிட்டாள். கெஞ்சி அசையாதவனை அவன் வியாபாரத்தில் கைவைத்துத்தான் அசைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள்.

அரை நாள் விடுப்புகளிலும் சனிக்கிழமைகளிலும் அவள் பேருந்தேறினாள். பதினேழு பள்ளிகளின் படிவங்கள் சேர்ந்தன. மரக்காணத்தில் உப்புக் காற்று. விக்கிரவாண்டியில் லாரிப் புழுதி. திருவாமாத்தூரில் எறும்பு. ஊருக்கொரு காரணம் கண்டவன், சி.டி.யை மட்டும் எங்குமே காணவில்லை. அடுத்த ஆண்டுக் கொள்முதலுக்குப் பள்ளிகளின் கருத்தைக் கல்வித் துறை கேட்டிருந்தது. 'டிரைவரின் மூலநிரலை வெளியிடாத கம்பெனியின் கார்டு எங்கள் பள்ளிக்கு வேண்டாம்' என்னும் ஒரு வரியில் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் கையொப்பம் வாங்கினாள்.

வளவனூர்த் தலைமையாசிரியை தேவயானி மட்டும் பேனாவை மூடினார். "எனக்கெதுக்கும்மா இந்தப் பேஜாரு? ரெண்டு வருஷத்துல ரிடையர்டு ஆவப்போறேன்."

"உங்க ஸ்கூலு பாரத்துல இன்னா காரணம் போட்டிருக்காங்கன்னு பாத்தீங்களா மேடம்?"

பார்த்தார். 'முறையற்ற மின் இணைப்பு' என்றிருந்தது.

"நான் கரண்டு திருடுறேன்றானா?" தேவயானியின் குரல் உயர்ந்தது. "எங்கம்மா போடணும் கையெழுத்து? பெரிசா போடவா?"

பதினேழு கையொப்பங்களும் சென்னைக்கு, கல்வித் துறைக்குப் போயின. நான்கு மாதம் கம்பெனி அசையவில்லை. கொள்முதலுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, மூலநிரல் முழுவதையும் இணையத்தில் வெளியிட்டது. இராயப்பன் ஒன்பது நாள் உட்கார்ந்து அதைத் திருத்தினார். பதினேழு பள்ளிகளிலும் திரைகள் எரிந்தன. கம்பெனிக்கு முன்னைவிடப் பெரிய ஆர்டர் கிடைத்தது.

வேலையைத் திரும்பக் கேட்டுக் கிருஷ்ணவேணி கல்வி அலுவலகத்துக்குப் போனாள். அவளுடைய கோப்பை வைத்திருந்த எழுத்தர் சீனுவாசன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "திர எரியுதா, சந்தோஷம். ஆனா ரிப்போர்ட்டு ரிப்போர்ட்டுதாம்மா. எழுதுனவங்களே மாத்தி எழுதிக் குடுத்தாத்தான் உன் ஆர்டர நான் மேல அனுப்ப முடியும்."

மறுநாள் இராயப்பன் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், மூலநிரலுக்கு நடுவுல புரோகிராமருங்க தங்களுக்குள்ள குறிப்பு எழுதி வெச்சிக்கினு இருப்பாங்க. வெளியிடும்போது அத அழிக்க மறந்துட்டாங்க. ஜூன் பதினொண்ணாந் தேதி ஒருத்தன் இங்கிலீஷ்ல எழுதிருக்கான், கேளுங்க: 'புதிய பதிப்பில் திரை இருண்டுவிடுகிறது. சரியாகும் வரை வெளியே அனுப்ப வேண்டாம்.'"

ஜூன் பதினொன்று. பூசைக்கு நான்கு மாதம் முன்னால். கிருஷ்ணவேணி அந்தத் தேதியைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

மூலநிரலை வெளியிட்டதற்காகத் தனக்குத் தானே பாராட்டு விழா ஒன்றைக் கம்பெனி விழுப்புரத்துத் திருமண மண்டபத்தில் நடத்தியது. சென்னை மேலாளர் வந்திருந்தார். தலைமையாசிரியர்கள் முன்வரிசையில் இருந்தனர். பெரிய திரையை இயக்கும் கணினியின் முன் பிரேம்குமார் அமர்ந்திருந்தான். கேள்வி உண்டா என்று மேலாளர் கேட்டதும் கிருஷ்ணவேணி எழுந்தாள்.

"அந்த மூலநிரல எல்லாரும் பாக்கறாப்பல தெறங்க சார். ஜூன் பதினொண்ணுன்னு தேடுங்க."

தேடினான். கிடைத்தது. எட்டடித் திரையில் அந்த வரி நின்றது.

"சத்தமா படிங்க. தமிழ்லயும் சொல்லுங்க. வளவனூர் மேடம் காது கொஞ்சம் மந்தம்."

"என் காது நல்லாத்தான் இருக்குது. இருந்தாலும் படிப்பா" என்றார் தேவயானி.

பிரேம்குமார் மேலாளரைப் பார்த்தான். அவர் தம் செல்பேசியைப் பார்த்தார். அவன் படித்தான். இரண்டாம் முறையும் படிக்க வைத்தாள். அவன் காதோரம் வியர்வை இறங்குவதை ஒரு துளியும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை பேருந்து நிலையத்தில் அஞ்சம்மாளுக்கு வடையும் காப்பியும் வாங்கிக் கொடுத்து, நடந்ததை மூன்று முறை சொன்னாள். வேலை போன நாள் முதல் கிருஷ்ணவேணி பசித்து உண்டது அன்றுதான்.

ஒரு மாதம் கழித்து, ஜெராக்ஸ் கடையில் ஒருவன் பயோடேட்டாவை நீட்டினான். "அஞ்சு காப்பி." நிமிர்ந்தவள் பிரேம்குமாரைக் கண்டாள். அவனும் அவளைக் கண்டான், போய்விடவில்லை. அவள் அவனுக்குப் பின்னால் வந்த நால்வருக்கும் முதலில் நகலெடுத்துக் கொடுத்தாள். அவன் நின்றான்.

"தூக்கிட்டாங்களா?"

"ஆமா மேடம். பெர்மிஷன் இல்லாம நானே சி.டி.ய எடுத்துக்கினு போயிட்டனாம். கொரியர்ல அனுப்புனதே அவங்கதான்."

"ஊருக்கு ஒரு பொய் எழுதுனது?"

"அந்தப் பாரத்துல கம்பெனி தப்புன்னு எழுதுனா எங்க ஆபீஸ்ல எடுத்துக்கவே மாட்டாங்க. கிழிச்சுத் திருப்பி அனுப்புவாங்க. மொத ரெண்டு ஸ்கூலுக்கு உண்மையத்தான் எழுதினேன்."

பல மாதங்களாக அவனுக்கென்று சேர்த்து வைத்திருந்த சொற்கள் அவளிடம் இருந்தன. அவற்றுள் எதை முதலில் எடுப்பது என்று பார்த்தாள். பிறகு தன் பைக்குள்ளிருந்து பழைய படிவத்தை எடுத்துக் கடைப் பலகையின் மேல் விரித்து, பேனாவைத் திறந்து வைத்தாள்.

"அடிங்க."

குங்குமத்தை அடித்தான். கவனக்குறைவை அடித்தான். கீழே உண்மைக் காரணத்தை ஆறு வரியில் எழுதிக் கையொப்பமிட்டான். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து அஞ்சம்மாளும் வந்து சேர்ந்தாள். மூவரும் சாலையைக் கடந்து சீனுவாசன் முன்னால் நின்றனர்.

அவர் தாளை இரண்டு பக்கமும் பார்த்தார். "தம்பி இப்ப அந்தக் கம்பெனில இருக்கியா?"

"இல்ல சார்."

"அப்ப இதுக்கு இன்னா மதிப்பு? கம்பெனி லெட்டர்ஹெட்ல, சீல் போட்டு வரட்டும்."

"எங்கள வூட்டுக்கு அனுப்புனது இதே கையெழுத்துதான சார்?" என்றாள் கிருஷ்ணவேணி.

"அப்ப செல்லுச்சும்மா. இப்ப செல்லல."

அவர் தம் மேசைக்குப் புதிதாக வந்திருந்த கணினியின் பக்கம் திரும்பிப் பொத்தானை அழுத்தினார். கம்பெனியின் பெயர் ஒரு கணம் மின்னி மறைய, லினக்ஸ் திரை துல்லியமாக எரிந்தது. தாள் மேசை விளிம்பில் கிடந்தது. அஞ்சம்மாள் மண் படிந்த கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்தின் மேல் மண் படாதபடி இரண்டு ஓரங்களிலும் பிடித்து அதைத் தூக்கினாள்.